கைநாட்டு

அப்பாயியின் இடதுகைப் பெருவிரலைப் பிடித்து, மையில் தோய்த்து, தாளில் அழுத்தியது நான்தான். 1970ஆம் ஆண்டின் தொடக்கம். எனக்குப் பதினொரு வயது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், குப்பி லாம்பு எரிந்துகொண்டிருந்தது. நமுனுகுல மலையிலிருந்து இறங்கும் குளிருக்கு அப்பாயி கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தாள்.

"என்னா பேப்பரு புள்ள இது?"

"கூப்பன் பேப்பரு அப்பாயி."

அப்படிச் சொல்லச் சொன்னவர் பெரியப்பா. அது கூப்பன் பேப்பர் இல்லை என்று எனக்குத் தெரியும். அது இந்தியப் பிரஜாவுரிமைக்கான விண்ணப்பம். பதுளை டவுனில் யாரிடமோ கொடுத்து இங்கிலீசில் நிரப்பி வாங்கி வந்திருந்தார். கைநாட்டுக்குப் பக்கத்தில், இது இன்னாருடைய பெருவிரல் அடையாளம் என்று எழுத ஓர் ஆள் வேண்டும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு லயத்திலேயே நல்ல கையெழுத்து. "வா கிளாக்கரம்மா" என்று பெரியப்பா கூப்பிட்டார். அந்த ஒரு கூப்பிடலுக்காக அன்றைக்கு நான் எதையும் எழுதியிருப்பேன்.

அப்பாயி இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். திருச்சிப் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்தது அவளுடைய அப்பன். அவளுக்கு இந்தியா என்பது அப்பன் சொன்ன கதை. சின்ன வயதிலேயே கூடையைத் தலையில் மாட்டி, இதே மலையில் கொழுந்தெடுத்து, தாத்தாவையும் இதே மலையில் புதைத்தவள். "எங் கட்ட இந்த மண்ணுலதான்டா" என்று இரண்டு மகன்களிடமும் சொல்லி வைத்திருந்தாள். அப்பா சிலோன் பிரஜாவுரிமைக்கு எழுதுவதென்று இருந்தார். பெரியப்பா இந்தியாவுக்கு. ஆத்தா யாரோடு என்பதுதான் அண்ணன் தம்பிக்குள் வழக்கு.

அந்த வழக்கை மூட்டியவர்கள் எங்கள் லயத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. 1948இல் சுதந்திர இலங்கை கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்துச் சனங்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று டில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவு. அந்த மிச்சத்தையும் 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் காம்பராவில் ஒரு கிழவிக்காக நடந்த சண்டை அந்தப் பெருங்கணக்கின் ஒரு துளி. டில்லியில் போட்ட கோடு எங்கள் அடுப்படி வழியாகப் போனது.

இதையெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டது எனக்கு ஒரு வகையில் வசதியாகவும் இருந்தது. இவ்வளவு பெரியவர்கள் செய்த இவ்வளவு பெரிய தப்புக்குள் என் பொய்யை ஒளித்து வைக்க நிறைய இடம் இருந்தது.

பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்க டவுனுக்குக் கூட்டிப்போன நாளில் அப்பாயிக்கு விஷயம் புரிந்திருக்கும். அவள் கூச்சல் போடவில்லை. அப்பாவும் பெரியப்பாவும், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில், எல்லோரும் பார்க்கக் கட்டிப் புரண்டார்கள். அதன் பிறகு சாகும்வரை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்பாயி அன்று சாயங்காலம் வழக்கம்போல ரொட்டி சுட்டாள். எனக்குப் போட்டாள். என் தட்டைப் பார்த்தாளே தவிர என் முகத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

1974இல் பெரியப்பா குடும்பமும் அப்பாயியும் போனார்கள். பஞ்ச காலம். கூப்பன் அரிசியும் மாவும் சுருங்கிவிட்டன. கிராமத்தில் இருப்பவனுக்கு ஒரு துண்டு வயலோ பலாமரமோ இருக்கும், லயத்தில் இருப்பவனுக்கு என்ன இருக்கிறது? மரவள்ளிக் கிழங்கும் கீரைத்தண்டும் தின்று மலைக்குப் போனார்கள். தோட்டங்களில் பசியால் ஆட்கள் செத்த வருசங்கள் அவை. பதுளை ஸ்டேசனில் கோச்சி ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். மலையகத்தில் அந்தக் கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்று பேர். நான் ஸ்டேசனுக்குப் போயிருந்தேன். அப்பா வரவில்லை. அப்பாயி தன் கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். கூடையைக் கொண்டுபோக விடவில்லையோ, அவளாகவே விட்டுவிட்டாளோ, கயிறு மட்டும் இருந்தது. நெற்றியில் பட்டுப் பட்டு எண்ணெய் ஏறிப்போன கயிறு.

அடுத்த வருசம் ஒரு கடிதம் வந்தது. கூடலூர்ப் பக்கம் சேரம்பாடியிலிருந்து. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், பின்னாளில் டான்டீ என்று பேரான அதில், பெரியப்பாவுக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கேயும் மலை, அங்கேயும் கொழுந்து. பெரியப்பா மகன் எழுதிய கடிதம். அப்பாயி சொல்லச் சொல்ல எழுதினது என்று மேலே போட்டிருந்தான். எல்லோருடைய சுகத்தையும் பேர் பேராகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி: கூப்பன் பேப்பர் எழுதின புள்ளைய ரொம்பக் கேட்டதாகச் சொல்லவும்.

நான் பதில் போடவில்லை. 1979இல் அப்பாயி இறந்துபோனாள் என்று தந்தி வந்தது.

*

மன்னிப்பு என்ற சொல்லை நான் முதலில் எழுதக் கற்றது தோட்டத்து ஆபீசுக்காக. பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எங்கள் மாமா கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசைக் காட்டிச் சத்தம் போட்டார். கூடைக்கு இத்தனை ராத்தல் என்று கணக்கில்லாமல் கழிக்கிறார்கள் என்பது அவர் வாதம். வேலையை நிப்பாட்டிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் திரும்பப் பேர் போட்டு வேலை தருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மாமா என்னிடம் வந்தார். நான் எழுதினேன்: கனம் பொருந்திய துரை அவர்களுக்கு, நான் செய்த குற்றத்தை மன்னித்து. எந்தக் குற்றம் என்று எழுதுவது என்று கேட்டேன். "அது கெடக்கு, குத்தம்னு மட்டும் போடு" என்றார்.

அதன் பிறகு அப்படிப் பல கடிதங்கள் எழுதியிருக்கிறேன். நிறுவையில் ஏமாந்தவர், அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டதைக் கேட்டவர், லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று ஆபீசுக்கு நேரே போய் நின்றவர். இழந்தவர்கள்தான் எழுதினார்கள், எடுத்தவர்களிடமிருந்து ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் சனங்களின் வாயில் மன்னிப்பு என்ற சொல் ஒட்டாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அது ஆபீஸ் சொல். வீட்டுக்குள் யாரும் யாரையும் மன்னிப்பதில்லை. "மனசுல வச்சுக்காத" என்பார்கள். "பொறுத்துக்க" என்பார்கள்.

இதில் முதல் சொல்லின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. இரண்டாவதன் மேல் கோபம். குடித்துவிட்டு வந்து அடிக்கும் புருசனைப் பொறுத்துக்க. முதுகில் கூடையோடு மழையில் நிற்க வைத்த கங்காணியைப் பொறுத்துக்க. பொம்பளை பூமாதேவி மாதிரி இருக்கணும். இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தோம். பூமாதேவி எவ்வளவு பொறுப்பாள் என்று எங்கள் ஊவா மாகாணத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று வருசக்கணக்குக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போங்கள் என்று சொன்னோமே, ஏன் போகவில்லை என்ற கேள்வி உடனே எழுந்தது. போவதற்கு எங்கே இடம் வைத்திருந்தீர்கள் என்று திருப்பிக் கேட்கத் தெம்பில்லாமல், பிழைத்தவர்கள் தங்களையே நொந்துகொண்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பொறுத்தவர்கள், கடைசியில் செத்தவர்களுக்கும் தாங்களே பொறுப்பு என்று எண்ணிக்கொள்ளும் நிலை. தன்னை மன்னிப்பது என்று பேசும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தக் குற்றம் உன்னுடையதுதானா? இல்லாத குற்றத்துக்கு மன்னிப்பு வேண்டாம். அதை உரியவன் வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

அதே காரணத்துக்காக, என்னுடையதை என் வாசலில் வைத்திருக்கிறேன்.

அப்பாயி என்னைப் பொறுத்துக்கொண்டாள், அது எனக்குத் தெரியும். மன்னித்தாளா என்பதுதான் தெரியாது. பொறுப்பவளுக்கு வேறு வழி இருப்பதில்லை. மன்னிக்கிறவள், மாட்டேன் என்று சொல்லவும் முடிந்தவளாக இருக்க வேண்டும். பதினொரு வயதுப் பேத்தியை விட்டால் எழுத்துக்கு ஆள் இல்லாத கிழவியிடம் அப்படி என்ன வழி இருந்தது?

*

மன்னிப்பை நான் கண்ணால் பார்த்தது ஒரு பலாக்காயில்.

1983 ஜூலை. கச்சான் காற்றடிக்கும் மாதம். அந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்பெற்ற வாசம் ஏறும் என்பார்கள். 27ஆம் தேதி அந்தக் காற்றில் புகை வந்தது. பதுளை டவுனில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்துகொண்டிருந்தன. சித்தி டவுன் ஓரத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். ஒரு சிங்களக் குடும்பம் அவளையும் பிள்ளைகளையும் இரண்டு இரவு பின்கட்டில் வைத்துக் காப்பாற்றியது. வீடு போய்விட்டது. எரித்த கூட்டத்தில் சித்திக்கு ஒரு முகம் தெரிந்தது. வாரா வாரம் அவளுக்கு விறகு கொண்டுவந்து போடுகிறவன்.

சித்தி பிள்ளைகளோடு எங்கள் காம்பராவுக்கு ஏறி வந்துவிட்டாள். அடுத்த வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதன் மலையேறி வந்தான். தோளில் ஒரு பிஞ்சுப் பலாக்காய். இஸ்தோப்பில் இறக்கி வைத்தான். எதுவும் பேசவில்லை. சித்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் பேசவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனான். அப்பா அதைத் தூக்கிக் கானில் எறியப் போனார். சித்திதான் தடுத்தாள். கத்திக்கு எண்ணெய் தடவி, பால் ஒட்டாமல் அரிந்து, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தாள். எங்கள் எல்லோருக்கும் போட்டாள். அவள் தின்னவில்லை. சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த வருசமும் அவன் வந்தான். அப்போதும் ஆக்கினாள், அப்போதும் தின்னவில்லை. மூன்றாம் வருசம் நான் வேறு ஊரில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சித்தியிடம் இதை நான் கேட்டதில்லை. கேட்கக்கூடாத இடம் ஒன்று மனிதர்களுக்குள் இருக்கிறது. ஆனால் இத்தனை வருசத்தில் மன்னிப்பைப் பற்றி யார் பேசினாலும் என் நினைவுக்கு வருவது, அவள் அந்தப் பலாக்காயை எறியவிடாமல் பிடித்துக்கொண்ட கைதான். ஆக்கிப் போட முடிந்தது. வாயில் வைக்க முடியவில்லை. அவ்வளவு தூரம்தான் வந்தாள். அது குறைந்த தூரம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2004 ஜூலையில், கலவரத்தின் இருபத்தோராம் ஆண்டில், ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 1983க்காகத் தமிழ் மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. 1964 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரின் மகள் அவர். அதற்காகவும் ஒரு சொல் வரும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன். நான் கேட்கும்படி எதுவும் வரவில்லை. அதற்கு முந்தைய வருசம், 2003இல், பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கேயே வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்கள் பிள்ளைகளும் இலங்கைப் பிரஜைகள். அதே தேதி. பிரித்த நாளையே அளவுகோலாக வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல காரியம். நூற்றுக்கணக்கான பேருக்கு நானே படிவம் நிரப்பிக் கொடுத்தேன். கோச்சியில் போனவர்களுக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் எங்கள் தோட்டங்களில் காமன் ஊன்றுவார்கள். கூத்தின் கடைசி இரவு சிவன் நெற்றிக்கண் திறந்து காமனை எரிப்பார். ரதி விழுந்து புரண்டு அழுவாள். ரதி கட்டுகிறவன் ஆம்பிளைதான், ஆனாலும் சுற்றி நிற்கும் பெண்கள் எல்லோரும் தங்கள் தங்கள் இழவை நினைத்து அழுவார்கள். பிறகு சிவன் மனமிரங்கி உயிர் கொடுப்பார். ஆனால் பழைய உடம்பு கிடைக்காது. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். அப்பாயி இந்த இடத்தில் ஒவ்வொரு வருசமும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். "இதுக்கு எரிக்காமலே இருந்திருக்கலாம்" என்பாள். அவள் சொன்னது தெய்வக் குற்றம் என்று சின்ன வயதில் பயந்திருக்கிறேன். 2003இல் அந்தப் படிவங்களை நிரப்பும்போது அவள் குரல்தான் கேட்டது.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் நடந்தது. 2000 அக்டோபர் 25 காலை, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கூட்டம் நுழைந்து, அங்கே வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்து பேருக்கும் மேலானவர்களை வெட்டியும் எரித்தும் கொன்றது. காவலுக்கு இருந்த பொலிசார் தடுக்கவில்லை. வழக்கு நடந்தது. 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அதோடு அந்தக் கொலைகளுக்கு ஒருவர்கூடக் குற்றவாளி இல்லை என்றாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய் மன்னிக்க விரும்பினாலும் யாரை மன்னிப்பாள்? மரண தண்டனை வேண்டுமென்று நான் சொல்லவில்லை. சித்தியின் இஸ்தோப்புக்கு ஒரு மனிதன் ஏறி வந்தான். பேர் உள்ளவன், முகம் உள்ளவன். அவன் வந்து நின்றதால்தான் அவளால் அந்தப் பலாக்காயை எடுக்கவோ எறியவோ முடிந்தது. எல்லாவற்றையும் மறந்து நல்லிணக்கமாக இருப்போம் என்று மேடைகளில் பேசுகிறவர்கள், யாரும் ஏறி வராத இஸ்தோப்புகளைப் பற்றி ஒரு தடவையாவது நினைக்க வேண்டும்.

*

2012இல் நான் கூடலூருக்குப் போனேன். முப்பத்தெட்டு வருசம். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியப்பாவும். அந்தக் கடிதத்தை எழுதிய அண்ணன் பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தார். தலை நரைத்து, பெரியப்பாவின் அதே நடை. தேயிலைக்கு நடுவே அப்பாயியைப் புதைத்த இடத்தைக் காட்டினார். ஒரு கல், பக்கத்தில் ஒரு சவுக்கு. திரும்பும் வழியில் நின்றார்.

"சித்தப்பா சாகிறவரைக்கும் எங்கப்பாவ மன்னிக்கலதானே தங்கச்சி?"

"இல்லண்ணே. பேரச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிருவாரு."

"அவரு செஞ்சது தப்புதான். கெழவிய ஏமாத்திக் கூட்டிட்டு வந்தாரு. கடைசிக் காலத்துல அத நெனச்சு நெனச்சு அழுவாரு. அவருக்குப் பதிலா நான் கேக்குறேன். மனசுல வச்சுக்காத."

அந்த நிமிசத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. தலையாட்டி அவருடைய மன்னிப்பை ஏற்றுக்கொள்ளலாம். குடும்பத்தில் ஏமாற்றப்பட்ட தரப்பின் பிரதிநிதியாக, பெருந்தன்மையோடு. நாற்பது வருசமாக நான் இருந்ததும் அப்படித்தான். அப்பாவைப் போலவே நானும் பெரியப்பாவை வெறுத்தேன். வீட்டில் எவரைவிடவும் கடுமையாக அவரைப் பற்றிப் பேசியவள் நான்தான். அது ஏன் என்று அந்தத் தேயிலைக்கு நடுவில் நின்றபோதுதான் விளங்கியது. என் பங்கையும் சேர்த்து அவர் தலையில் கட்டியிருந்தேன். அவரை மன்னித்தால் பாரத்தை இறக்க வேண்டியிருக்கும். இறக்கினால் அதில் எது என்னுடையது என்று தெரிந்துவிடும்.

சொன்னேன். குப்பி லாம்பு, மை, கூப்பன் பேப்பர் என்று சொன்னது, கிளாக்கரம்மா, எல்லாவற்றையும்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பதினோரு வயசுப் புள்ள" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதற்கு மேலும் சொன்னார்: "எழுபத்திநாலுல அங்க கெடந்திருந்தா பசியிலேயே செத்திருக்கும். இங்க வந்ததால அஞ்சு வருசம் இருந்துச்சு."

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இரண்டையும் எனக்கு நானே எத்தனையோ இரவு சொல்லிப் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளை என்றால் அந்தப் பொய்யைச் சொன்னது நான் இல்லை என்றாகிறது. நல்லதாகத்தான் முடிந்தது என்றால் அது பொய்யே இல்லை என்றாகிறது. இரண்டிலும் மன்னிப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அந்த இஸ்தோப்பில் அப்பாயி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அவள் என்னை நம்பித்தான் விரலை நீட்டினாள். பதினொரு வயதில் எனக்கு நம்பிக்கை என்றால் என்னவென்று தெரியும், தெரியாமல் என்ன?

அந்த வரியைப் பற்றி அண்ணனிடம் கேட்டேன். கூப்பன் பேப்பர் எழுதின புள்ளைய ரொம்பக் கேட்டதாக. அப்பாயி அதை எப்படிச் சொன்னாள்? சிரித்துக்கொண்டா, அழுதுகொண்டா? என் பேரைச் சொல்லாமல் ஏன் அப்படிச் சொன்னாள்?

"எனக்கு எங்க தங்கச்சி ஞாபகம். சொன்னத எழுதுனேன். சொன்னதத்தான் எழுதுனேனாங்கிறதுகூடத் தெரியல."

பெரியப்பா அவளைக் கடைசி ஒரு வருசம் குழந்தையைப் போலக் குளிப்பாட்டினார், ஆஸ்பத்திரிக்கு முதுகில் சுமந்துகொண்டு போனார் என்று பிறகு அண்ணி சொன்னாள். அன்று ராத்திரி அந்த வீட்டில் படுத்திருந்தபோது பெரியப்பாவின் மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போயிற்று என்று தேடினேன். இருந்தது. ஆனால் சிறுத்துப்போய், அவர் செய்த அளவுக்கு மட்டும் இருந்தது. அந்த அளவில் அதை என்னால் மன்னிக்க முடிந்தது. பசிக்குப் பயந்து, தாயை விட்டுப்போக மனசில்லாமல், தவறான வழியில் அவளைத் தன்னோடு கட்டிக்கொண்டு போன ஒரு மகன். அவ்வளவுதான் அவர்.

என்னுடையதோ அப்படியே இருக்கிறது. கொடுக்க வேண்டியவள் சவுக்கு மரத்தடியில் கிடக்கிறாள். அவளுக்குப் பதிலாக நானே எனக்குக் கொடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்று இன்றைக்கும் தெளிவாகவில்லை. முன்பு அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கும், உடனே வேறு வேலையில் கையை வைப்பேன். இப்போது நினைக்க முடிகிறது. அப்பாயியின் விரலில் இருந்த தேயிலைக் கறையை நினைக்க முடிகிறது. ரேகைக்குள் கறுப்பாக ஊறியிருந்த கறை. அதன் மேல் நீல மை.

ஓய்வு பெற்று வந்த பிறகு, ஸ்பிரிங்வெளியில் லயத்துக்கு லயம் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வயது போனவர்களுக்கான கொடுப்பனவு. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்று 2015இல் அரசு சொன்னதிலிருந்து அதற்கான தாள்களும் வருகின்றன. சிங்களத்திலோ இங்கிலீசிலோ இருந்தால் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்கிறேன். போன மாதம் மேல்லயத்தில் ஒரு பாட்டி. எண்பதைத் தாண்டியவர். பேரன் மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். பாட்டி விரலை முன்பே நீட்டிவிட்டார்.

"இருங்க பாட்டி. மொதல்ல வாசிச்சுச் சொல்றேன்."

"என்னாத்துக்கு டீச்சர்? நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்."

"இது கூப்பன் பேப்பர் இல்ல பாட்டி. காணிப் பேப்பரு. யார் பேருக்கு எழுதுறாங்கன்னு கேட்டுக்கங்க."

வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் பேரன் காலை மாற்றிக்கொண்டான். பாட்டிக்குக் கை வலித்தது. நீட்டிய விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா டீச்சர்?"

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு பாட்டி."